டாக்டர்கள் வெளியேறிய பக்தாத்: தலையீடு யாரைக் காப்பாற்றியது?



வல்லரசு ஒன்று படையோடு ஒரு முஸ்லிம் நாட்டுக்குள் நுழையும் போதெல்லாம் நம்மிடையே ஒரு வாதம் எழுகிறது. ஒரு சாரார், 'அங்கே ஆள்பவன் கொடுங்கோலன். அந்த மக்களைக் காப்பாற்ற யாராவது போய்த்தானே ஆக வேண்டும்?' என்கிறார்கள். மற்றொரு சாரார், 'எண்ணெய்க்காகப் போகிறவன் எந்த மக்களைக் காப்பாற்றப் போகிறான்?' என்று திருப்பிக் கேட்கிறார்கள். தேநீர்க் கடையிலும் இதே வாதம். ஐ.நா. சபையிலும் இதே வாதம்.

இந்த வாதத்தில் நாம் இறந்தவர்களை எண்ணுகிறோம். விழுந்த குண்டுகளை எண்ணுகிறோம். கப்பலேறிய எண்ணெய்ப் பீப்பாய்களை எண்ணுகிறோம். ஆனால் எண்ணாமல் விட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு நாட்டை விட்டே போய்விட்ட மருத்துவர்கள், பொறியாளர்கள், பேராசிரியர்கள்! அவர்கள் சாகவில்லை, ஆகவே இறந்தோர் பட்டியலில் இல்லை. அவர்களில் பலர் முகாம்களில் ஒதுங்கவில்லை. ஆகவே அகதிகளின் படத்திலும் இல்லை. லண்டனிலோ அம்மானிலோ ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இடிந்த பாலத்தை ஓராண்டில் கட்டிவிடலாம். ஓர் அறுவை சிகிச்சை நிபுணரை, அவர் பள்ளியில் அரிச்சுவடி படித்த நாளிலிருந்து எண்ணினால், உருவாக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகும். அவர் போய்விட்டால் அந்தக் கால் நூற்றாண்டும் அவரோடு போய்விடுகிறது. அந்நியத் தலையீடு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல விரும்புவோர் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. ஈராக்கை எடுத்துக்கொள்வோம். தடை, படையெடுப்பு, ஆக்கிரமிப்பு, திரும்பிப் போதல் என்று தலையீட்டின் எல்லா வகைகளையும் ஒரே தலைமுறையில் பார்த்த நாடு அது.

தேடி அழைத்த நகரம்

ஒரு காலத்தில் பக்தாத் அறிஞர்களை இழந்த ஊராக இருக்கவில்லை. ஈர்த்த ஊராக இருந்தது. 765-ஆம் ஆண்டில் கலீஃபா மன்சூர் நோய்வாய்ப்பட்டபோது, பாரசீகத்தின் ஜுந்திஷாபூரிலிருந்து ஜூர்ஜிஸ் என்ற கிறித்தவ மருத்துவரை வரவழைத்தார். அவருடைய புக்தீஷு குடும்பம் தலைமுறை தலைமுறையாக அப்பாஸியரின் மருத்துவர்களாக இருந்தது. ஹீராவிலிருந்து வந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் தந்தார். ராஸி பாரசீகத்தின் ரய் நகரத்துக்காரர். பக்தாத்தில் ஒரு மருத்துவமனைக்குத் தலைமை வகித்தார். வந்தவர் எந்த மதம், எந்த ஊர் என்று அந்த நகரம் பார்க்கவில்லை. வேலை தெரிந்தவரா என்று பார்த்தது. பாதுகாப்பும் மரியாதையும் கூலியும் கிடைத்தன. ஆகவே வந்தார்கள், தங்கினார்கள்.

மருத்துவம் நம் ஃபிக்ஹு நூல்களில் ஃபர்ளு கிஃபாயா. ஓர் ஊரில் ஒருவராவது அதைச் செய்துவிட்டால் எல்லோர் பொறுப்பும் நீங்கும்; ஒருவரும் இல்லையென்றால் ஊரே குற்றவாளி! பக்தாத்தின் நிஜாமிய்யா மத்ரஸாவில் 1091 முதல் 1095 வரை பாடம் நடத்திய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இதைச் சுட்டிக்காட்டி ஒரு குறையை எழுதினார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் பதவியும் வக்ஃபு வருமானமும் கிடைக்கும் சட்ட வாதங்களின் பக்கமே எல்லோரும் ஓடுகிறார்கள் என்பது அவர்களின் வருத்தம். ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து, அதே பக்தாத்தில் மருத்துவர்கள் உருவானார்கள். ஆனால் தங்க முடியவில்லை. அன்று படிக்க ஆளில்லாத குறை. இன்று படித்தவர் இருக்க முடியாத குறை. இரண்டில் எது பெரிய பாவம் என்று நீங்களே சொல்லுங்கள்!

லண்டனுக்குப் போட்ட பாதை

பக்தாத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 1927-இல் திறக்கப்பட்டது. அப்போது ஈராக் பிரிட்டனின் பொறுப்பாட்சியில் இருந்தது. பாடத்திட்டம் பிரிட்டிஷ் முறை, பாடமொழி ஆங்கிலம். அரச குடும்பத்தின் மருத்துவரான சிண்டர்சன் என்ற ஆங்கிலேயர் அதன் தலைவராக இருந்தார். மேற்படிப்பு என்றால் லண்டன், எடின்பரோ. படித்துவிட்டு அன்று பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். வந்தால் மதிப்பு இருந்தது, சம்பளம் இருந்தது. 1972-இல் எண்ணெய் தேசியமயமானது. அதன் வருமானத்தில் கல்வி இலவசம், சிகிச்சை இலவசம். 1978-இல் எழுத்தறிவு கட்டாயமாக்கப்பட்டது. அரபு நாடுகளிலிருந்தே மாணவர்கள் பக்தாத்துக்குப் படிக்க வந்தார்கள்.

இதில் ஓர் உண்மையைக் கவனியுங்கள். அந்த மருத்துவர்களின் படிப்புச் செலவு அந்த மண்ணின் எண்ணெயில் வந்தது. அது ஈராக்கிய ஏழையின் பங்கு. பின்னாளில் அவர்கள் வெளியேறியபோது, பயிற்சிக்கு ஒரு காசும் செலவிடாத நாடுகளுக்கு ஆயத்தமான மருத்துவர்கள் கிடைத்தார்கள். ஏழை நாடு பணக்கார நாட்டுக்குத் தந்த இந்த நன்கொடையை எந்த உதவிக் கணக்கிலும் எழுதுவதில்லை.

முதல் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே

வெளியாரைக் குற்றம் சொல்வதற்கு முன் உள்ளே இருந்தவனைப் பார்ப்போம். நீதி அதுதான். நம்மவன் செய்தால் மூடி மறைப்பதும் அந்நியன் செய்தால் மேடை போடுவதும் மார்க்கம் கற்றுத்தந்த வழியல்ல.

சதாம் ஹுசைன் படித்தவர்களை வளர்த்தார். தமக்கு அடிமையாக இருக்கும்வரை வளர்த்தார்! அணு விஞ்ஞானி ஹுசைன் ஷஹ்ரிஸ்தானி 1979-இல் கைது செய்யப்பட்டார். அணு ஆயுத வேலைக்கு இணங்க மறுத்து, அபூ குரைப் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார். 1991-இல் போர்க் குழப்பத்தில்தான் தப்பினார். 1994-இல், படையை விட்டு ஓடியவர்களின் காதை அறுக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. அறுக்கச் சொன்னது யாரை? அறுவை சிகிச்சை நிபுணர்களை! உயிர் காப்பதாகச் சத்தியம் செய்த கையில் கத்தியைக் கொடுத்து, ஆரோக்கியமான இளைஞனின் காதை அறு என்றார்கள். அதைச் சிகிச்சையால் சரிசெய்ய முயல்வோருக்கும் தண்டனை என்று இன்னோர் ஆணை. மறுத்த மருத்துவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். மருத்துவர், பொறியாளர், பேராசிரியர் வெளிநாடு போகத் தடையும் போட்டார்கள். பூட்டிய வாசலில் எத்தனை நாள் ஒருவரை நிறுத்த முடியும்? மலைவழியாக, பொய்ச் சான்றிதழோடு, திரும்பாத விடுமுறையாக வெளியேறினார்கள்.

தடை என்னும் தலையீடு

தலையீடு என்றால் நமக்கு டாங்கியும் விமானமும்தான் நினைவுக்கு வரும். ஈராக்கில் அதற்கு முன்பே வேறொரு தலையீடு நடந்தது. குவைத்தை சதாம் விழுங்கியதற்கு மறுமொழியாக, 1990 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்பு அவை 661-ஆம் தீர்மானத்தின் மூலம் பொருளாதாரத் தடை விதித்தது. 2003 மே மாதம் வரை, ஏறத்தாழ 13 ஆண்டுகள் அது நீடித்தது.

மருந்துக்கு விலக்கு உண்டு என்று தீர்மானத்தில் எழுதியிருந்தது. ஆனால் எண்ணெய் விற்க முடியாத நாடு எந்தப் பணத்தில் மருந்து வாங்கும்? தடைக்கு முன் அரசு மதிப்பில் ஒரு தினாருக்கு மூன்று டாலர். 1995-இல் சந்தையில் ஒரு டாலருக்கு ஆயிரக்கணக்கான தினார்! அரசு மருத்துவரின் மாதச் சம்பளம் சில டாலர்களாகச் சுருங்கியது. பேராசிரியர்கள் வீட்டு நூலகத்தை நடைபாதையில் வைத்து விற்றார்கள். பக்தாத்தின் முதநப்பி வீதியில் வெள்ளிக்கிழமைதோறும் விரித்த புத்தகங்களில் எத்தனையோ அறிஞர்களின் வாழ்நாள் சேமிப்பு இருந்தது. புதிய மருத்துவ இதழ்கள் உள்ளே வருவது அரிதாயிற்று. உலகம் எதைக் கண்டுபிடித்தது என்று தெரியாமலேயே ஒரு தலைமுறை மருத்துவர்கள் பயிற்சி முடித்தார்கள்.

அந்தத் தடையில் 5 லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்று மேடைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படையான கணக்கெடுப்பு சதாம் அரசால் திரிக்கப்பட்டது என்று 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். பொய்க் கணக்கு நமக்குத் தேவையில்லை. உண்மையே போதுமான அளவு கசப்பாக இருக்கிறது. ஐ.நா.வின் நிவாரணப் பணிக்குத் தலைவராக இருந்த டெனிஸ் ஹாலிடே 1998-இல், இந்தத் தடையை ஏற்க முடியாது என்று பதவியைத் துறந்தார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000-இல் விலகினார். இருவரும் முஸ்லிம்கள் அல்லர். மனசாட்சி உள்ளவர்கள்.

தடை சதாமை அசைக்கவில்லை. அவர் மாளிகை கட்டிக்கொண்டே இருந்தார். அசைந்தது யார்? வெளியே போக வழி தெரிந்த, கையில் பட்டம் இருந்த நடுத்தர வகுப்பு. கொடுங்கோலனைத் தட்டிக் கேட்கும் அறிவும் துணிவும் உள்ள வகுப்பும் அதுதான். அந்த வகுப்பைக் கரைத்த தடை, சதாமுக்கே காவல் நின்றது!

வெளியே போனவர்கள் கேட்ட படை

இப்போது வாதத்தின் மிகச் சிக்கலான இடத்துக்கு வருகிறோம். படையெடுத்து வாருங்கள் என்று அமெரிக்காவிடம் கேட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் யார்? வெளியேறிய ஈராக்கியப் படிப்பாளிகளேதான்!

அஹ்மத் சலபி சிறுவனாக 1958-இல் குடும்பத்தோடு ஈராக்கை விட்டுப் போனவர். சிகாகோவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1992-இல் ஈராக்கிய தேசிய காங்கிரஸ் என்ற அமைப்பைத் திரட்டினார். கனான் மகியா கட்டடக் கலை பயின்றவர். அமெரிக்கப் படையை ஈராக்கியர்கள் மலரும் இனிப்பும் கொடுத்து வரவேற்பார்கள் என்று 2003 ஜனவரியில் அதிபர் புஷ்ஷிடமே சொன்னவர். இயாத் அல்லாவி மருத்துவர். 1978-இல் இங்கிலாந்தில் அவர் வீட்டுக்குள்ளேயே சதாமின் ஆட்கள் கோடரியால் வெட்டினார்கள், உயிர் தப்பினார். அப்படிப்பட்டவர் சதாமை வீழ்த்த எவன் துணையையும் தேடினார் என்றால், அந்தக் கோபத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். 1998-இல் அமெரிக்கா ஒரு சட்டமே இயற்றி, இத்தகைய எதிர்ப்பு அமைப்புகளுக்கு 9 கோடியே 70 லட்சம் டாலர் வரை ராணுவ உதவிக்கு வழிசெய்தது.

வெளியேறியோர் எல்லோரும் படையெடுப்பை விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. சதாமையும் வெறுத்து, குண்டையும் எதிர்த்து, லண்டன் தெருக்களில் ஊர்வலம் போன ஈராக்கியர்களும் உண்டு. ஆனால் வாஷிங்டனின் காதில் விழுந்தது யார் குரல்? அது கேட்க விரும்பியதைச் சொன்னவர்களின் குரல்!

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாற்பது வருடம் வெளியே இருந்தவருக்குப் பிறந்த நாட்டின் மீது பாசம் இருக்கலாம். ஆனால் அந்த நாட்டில் இன்று எந்த மருத்துவமனையில் யார் இரவுப் பணியில் இருக்கிறார், எந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் வேலை போகாமலிருக்கக் கட்சி அட்டை வாங்கினார் என்பதெல்லாம் தெரியாது. தெரியாதவர் தந்த வரைபடத்தைத் தெரிந்துகொள்ள விரும்பாதவன் கையில் வாங்கினான். விளைவு என்ன?

2003-க்குப் பிறகு

2003 ஏப்ரல் 9-ஆம் நாள் பக்தாத் விழுந்தது. உடனே கொள்ளை தொடங்கியது. எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்க டாங்கிகள் காவல் நின்றன. அல்கிந்தி மருத்துவமனையிலோ கட்டிலையும் கருவியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேசிய நூலகம் எரிந்தது. காப்பாற்ற வந்தவன் முதலில் எதைக் காப்பாற்றினான் என்று பாருங்கள். அவன் எதற்காக வந்தான் என்பது புரியும்.

மே 16-ஆம் நாள் ஆக்கிரமிப்பு நிர்வாகி பால் பிரெமர் தம் முதல் ஆணையை வெளியிட்டார். பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்கள் அனைவரும் அரசுப் பணியிலிருந்து நீக்கம். அமைச்சகங்கள் மட்டுமல்ல, பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்தது. அவற்றின் மேல்மட்டப் பொறுப்புகளில் இருப்போர் கட்சியின் முழு உறுப்பினர் என்றாலே வெளியேற வேண்டும். சதாம் ஆட்சியில் கட்சி அட்டை இல்லாமல் ஒரு துறைத் தலைவர் ஆக முடியுமா? கொலைகாரனும் வயிற்றுப் பிழைப்புக்குக் கையெழுத்திட்டவரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டார்கள். இந்த நீக்கப் பணியை நடத்திய ஆணையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? அஹ்மத் சலபி!

அடுத்து வந்தது துப்பாக்கி. 2003 ஜூலையில் பக்தாத் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த மருத்துவர் முஹம்மது அல்ராவி தம் மருத்துவ நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அது தொடக்கம். நூற்றுக்கணக்கான பேராசிரியர்கள் கொல்லப்பட்டார்கள். மருத்துவர்கள் பணத்துக்காகக் கடத்தப்பட்டார்கள். 2006 பிப்ரவரியில் சாமர்ரா அடக்கத்தலத்தின் மாடம் தகர்க்கப்பட்ட பின், சன்னி மருத்துவர் ஷியா பகுதி மருத்துவமனைக்கும், ஷியா மருத்துவர் சன்னி பகுதி மருத்துவமனைக்கும் போக முடியாத நிலை. அந்த ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், காவல்துறைச் சீருடையில் வந்த கும்பல் உயர்கல்வி அமைச்சகத்தின் கட்டடம் ஒன்றில் புகுந்து பட்டப்பகலில் ஆண்களைக் கூட்டமாகக் கடத்திச் சென்றது. அது எந்த அலுவலகம்? வெளிநாட்டில் படிக்க மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் அலுவலகம்! 2007 மார்ச் 5-ஆம் நாள் முதநப்பி வீதிப் புத்தகக் கடைகளும் குண்டு வெடித்து எரிந்தன.

இந்தக் குண்டுகளை எல்லாம் அமெரிக்கன் வைக்கவில்லை. கொன்றவனும் கலிமா சொன்னவன், கொல்லப்பட்டவரும் கலிமா சொன்னவர். அந்த வெட்கத்தை நாம் சுமந்தே ஆக வேண்டும். ஆனால் இருந்த காவலை எல்லாம் கலைத்துவிட்டு, வாசலைத் திறந்து போட்டவன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

படையெடுப்புக்கு முன் ஈராக்கில் பதிவு பெற்றிருந்த மருத்துவர்கள் ஏறத்தாழ 34 ஆயிரம் பேர். அதற்குப் பின் வந்த சில ஆண்டுகளிலேயே 20 ஆயிரம் பேர் வெளியேறினர், 2 ஆயிரம் பேர் கொல்லப்பட்டனர் என்று அமெரிக்காவின் புரூக்கிங்ஸ் நிறுவனமே மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் எந்த நாடு தாங்கும்? 2008-இல் மருத்துவர்கள் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள ஈராக் அரசு அனுமதித்தது. துப்பாக்கியோடு நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்! விடுதலை பெற்ற நாட்டின் படம் இதுவா?

காலியான இடத்தில் யார்?

2014 ஜூலையில் திக்ரீத் நகர மருத்துவமனையில் சிக்கிய 46 இந்திய செவிலியர்கள் மீட்கப்பட்டு கொச்சிக்கு விமானத்தில் வந்து இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பெரும்பாலும் கேரளத்துப் பிள்ளைகள். படிப்புக் கடனை அடைக்க, போர்முனைக்குப் போனார்கள். அவர்கள் ஏன் அங்கே தேவைப்பட்டார்கள்? ஈராக்கின் சொந்த மருத்துவமனைகளில் ஆள் போதவில்லை. ஈராக்கிய மருத்துவர் லண்டனுக்கு. கேரளத்துச் செவிலி திக்ரீத்துக்கு. கேரளத்துக் கிராமத்து ஆஸ்பத்திரிக்கு யார்? ஒவ்வொரு படியிலும் ஏழை தனக்கு மேலே உள்ளவனுக்கு ஆளைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான்.

நோயாளியும் அதேபோல் அலைகிறான். வீட்டை விற்று, நிலத்தை விற்று, அம்மானுக்கும் பெய்ரூத்துக்கும் டெல்லிக்கும் சென்னைக்கும் சிகிச்சைக்கு வந்த ஈராக்கியர்களை நம் தனியார் மருத்துவமனைகளின் வாசலில் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் பிற நாட்டாருக்கு மருத்துவம் சொல்லித்தந்த நகரத்தின் மக்கள் அவர்கள்.

பணம் இல்லாததால் இந்த நிலை என்று யாரும் சொல்ல முடியாது. 2003-க்குப் பின் ஈராக் எண்ணெய் விற்றுப் பல்லாயிரம் கோடி டாலர் ஈட்டியது. ஆனால் 2021 ஏப்ரலில் பக்தாத்தின் இப்னுல் கதீப் மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து தீப்பிடித்து 80-க்கு மேற்பட்டோர் கருகினார்கள். மூன்றே மாதத்தில் நாசிரிய்யா நகர மருத்துவமனையிலும் தீ. வெளிப்படை விடை: பணம் வந்தது, பொறுப்பு வரவில்லை. ஊழல் ஆட்சியும் மருத்துவரைத் துரத்தும் ஓர் ஆயுதமே.

ஈராக்கோடு இது முடியவில்லை. 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து அமெரிக்காவும் கூட்டாளிகளும் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை விமானத்தில் ஏற்றிச் சென்றார்கள். அவர்களில் ஆப்கானின் படித்த தலைமுறையில் ஒரு பெரும் பகுதி இருந்தது. இருபது ஆண்டு ஆக்கிரமிப்பு பயிற்றுவித்ததை அதுவே அள்ளிக்கொண்டு போனது. மிச்சத்தைத் தாலிபான் ஆட்சி பார்த்துக்கொண்டது. 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைப்பு. 2024 டிசம்பரில் செவிலியர், பேறுகாலப் பயிற்சிக்கும் தடை. ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது, பெண் மருத்துவர் உருவாகவும் கூடாது என்றால் அந்தத் தாய் எங்கே போவாள்? ஃபர்ளு கிஃபாயாவை ஓதிய ஆலிம்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

போனவரைத் தூற்றாதீர்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு, 'நாட்டைக் கைவிட்ட துரோகிகள்' என்று போனவர்கள் மீது பாயாதீர்கள். அது எளிது, அநியாயம். பிள்ளையைக் கடத்துவோம் என்று வாசலில் தோட்டாவோடு கடிதம் வைத்துவிட்டுப் போனால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? மக்காவில் கொடுமை தாங்காதபோது, நீதியுள்ள கிறித்தவ மன்னர் ஆண்ட அபிசீனியாவுக்கு முஸ்லிம்களைப் போகச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். போனவர்களை ஒருவரும் பழிக்கவில்லை.

நம் ஊர்களைப் பாருங்கள். சபருக்குப் போகாத வீடு எத்தனை? அரை நூற்றாண்டாக வளைகுடாவின் சம்பளத்தில் நம் பிள்ளைகள் படித்தார்கள், நம் பள்ளிவாசல்கள் உயர்ந்தன. நமக்கு ஒரு நியாயம், ஈராக்கிய மருத்துவருக்கு ஒரு நியாயமா? கேட்க வேண்டிய கேள்வி 'ஏன் போனாய்?' என்பதல்ல. 'உன்னைத் தங்க விடாதவர் யார்?' என்பதே.

எதைக் கேட்க வேண்டும்?

சகோதரர்களே! இனி ஒரு நாட்டில் படை இறங்கப் போகிறது, அல்லது தடை விதிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வரும்போது, ஆதரிப்பவரிடமும் எதிர்ப்பவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதற்குப் பிறகு அந்த ஊர் மருத்துவர் தங்குவாரா, போவாரா? தங்குவார் என்று சொல்ல முடியாதவன் 'மக்களைக் காப்பாற்றப் போகிறோம்' என்று சொல்லத் தகுதியற்றவன். அதே கேள்வியைத் தலையீட்டை எதிர்க்கும் நம்மவரிடமும் கேளுங்கள். கொடுங்கோலன் இருந்தபடியே இருந்தால் அந்த மருத்துவர் தங்குவாரா? அதற்கும் பதில் இல்லையென்றால், நம் எதிர்ப்பும் பாதி உண்மைதான். அந்நியப் படை வேண்டாம் என்று சொல்லும் உரிமை, உள்நாட்டுக் கொடுமையையும் வேண்டாம் என்று சொல்பவனுக்கே முழுமையாக உண்டு.

வல்லரசுகளிடம் கேட்க வேண்டியது வேறு. 2010-இல் உலக சுகாதார நிறுவனம், மருத்துவப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பதற்கு ஒரு நெறிமுறையை ஏற்றது. 2023-இல், ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் 55 நாடுகளின் பட்டியலையும் வெளியிட்டது. ஆப்கானிஸ்தான், ஏமன், சோமாலியா, பாகிஸ்தான் அதில் உண்டு. அந்த நாடுகளுக்குள் போய் வலைவீசி ஆள் பிடிக்காதே என்கிறது நெறிமுறை. தானாக வருபவரின் உரிமையைத் தடுக்கவில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் மீறினால் கேட்பாரில்லை. ஒரு மருத்துவரை எடுத்துக்கொள்ளும் பணக்கார நாடு, அவரை உருவாக்கிய கல்லூரிக்கு ஈடு கொடுக்க வேண்டும். குண்டு போட்ட நாடு என்றால் இரட்டிப்பு ஈடு கொடுக்க வேண்டும். இது பிச்சையல்ல, பாக்கி!

முஸ்லிம் நாடுகளின் ஆட்சியாளர்களிடம் கேட்க வேண்டியது அதைவிட எளிது. மாளிகைக்கும் ஆயுதத்துக்கும் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுங்கள். கருத்துச் சொன்ன பேராசிரியரைச் சிறையில் தள்ளாதீர்கள். மன்சூர் ஒரு கிறித்தவ மருத்துவரைத் தேடி அழைத்தார். நீங்கள் சொந்த மருத்துவரைத் துரத்துகிறீர்கள்!

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. 2019 அக்டோபரில் ஊழல் ஆட்சிக்கு எதிராக பக்தாத்தின் தஹ்ரீர் சதுக்கத்தில் இளைஞர்கள் திரண்டபோது, மருத்துவ மாணவர்களும் இளம் மருத்துவர்களும் அங்கேயே கூடாரம் அடித்தார்கள். கண்ணீர்ப்புகையில் மூச்சுத் திணறியவர்களையும் குண்டடி பட்டவர்களையும் உயிரைப் பணயம் வைத்துக் காத்தார்கள். எந்த வல்லரசும் அவர்களை அனுப்பவில்லை. அவர்கள் கேட்டதும் ஒன்றே: எங்கள் நாட்டில் நாங்கள் வாழ வேண்டும். அந்தக் கோரிக்கைக்குத் துணை நிற்பதுதான் உண்மையான உதவி. அவர்களுக்கு விசா கொடுத்து அனுப்பிவைப்பதும் அவர்கள் தலைமேல் குண்டு போடுவதும் உதவியாகாது.

உங்கள் ஊர் ஜமாஅத்தில், கல்லூரியில், அடுத்த முறை இந்த வாதம் எழும்போது இந்தக் கணக்கை எடுத்து வையுங்கள்.

வஸ்ஸலாம்.